காவற்றெய்வமும் முழுமுதற்கடவுளும்

திருச்சிற்றம்பலம்

நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக் கரைக்கண் அமைந்தது மோகனூர். ஆற்றின் எதிர்க்கரையில் உள்ளது கரூரைச் சார்ந்த வாங்கல். முன்னர்ச் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்த இவ்வூர், 1997 ஆம் ஆண்டு தொட்டு நாமக்கல் மாவட்டத்தின்பாற்பட்டது. பிணங்கிப் போந்த முருகனை உமையம்மை ‘மகனே’ என விளித்து நிறுத்திய இடமாதலின் மகனூர் எனப் பெயர்பெற்றுப் பின்னர் மோகனூர் என மருவிற்று என்பது ஊரார் வழக்கு. அதற்கேற்பக் காந்தமலைமேல் முருகன் கோயில் கொண்டுள்ளான். மேற்கு நோக்கிய திருக்கோயிலுள் மதுகரவேணியம்மையோடு அசலதீபேசுவரர் எழுந்தருளியுள்ளார். அசலதீபமாவது அசைவற்ற விளக்கு. உலகமெல்லாம் அசையத் தான் அசையாது நின்று அதனை விளக்குவதே முழுமுதற்பொருள் என்னுஞ் சித்தாந்த உண்மையை இத்திருப்பெயரே உணர்த்துவதாகும். இவ்வூரின்கண்ணே, நாவல்மரத்தினடியை இடமாகக் கொண்டு நாவலடிக் கருப்பண்ணசாமியும் வீற்றிருக்கின்றார்.

கருப்பண்ணரைக் குலதெய்வமாகக் கொண்ட குடிகள் கொங்குநாட்டிலும் அதனையடுத்த சோழநாட்டு மேல்பாலும் மிகப் பல. அவருட் சைவர் பலர். குழந்தைக்கு முதன்முடி இறக்குதல், காதுகுத்துதல், திருமண ஓலையை வைத்து வணங்குதல் முதலிய மங்கலச் செயல்கள் குலதெய்வத்தின் முன்னிலையிலேயே நிகழ்கின்றன. ஆதலின் ஈண்டு எழும் வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று. சிவதீக்கை பெற்ற பாட்டனார் தம் பேரனின் முடியிறக்கு விழாவிற்குச் செல்லலாமோ, ஆகாதோ? சென்றாற் கைகூப்பலாமோ? ஆங்கே கிடாய் வெட்டப்படுமாயின் அவர் செய்யத்தக்கது யாது? இவற்றிற்குத் தெளிந்த விடை காணாமையால், தந்தையும் மைந்தனும் மாறுபட்டு நிற்றலும், உடன்பிறந்தார் ஒருவர் வீட்டு விழாவிற்கு மற்றவர் செல்லாதொழிதலும் நிகழ்கின்றன.

இதுபற்றி இக்காலத்து மூவகைக் கூற்றுக்கள் வழங்குகின்றன.

ஒருசாரார், “சிவனையன்றிப் பிறதெய்வம் தொழாமை சைவர்க்கு விரதம், கருப்பண்ணர் கோயில் வாயிலை மிதித்தலும் குற்றம், இத்தகைய கோயில்கள் ஒழிதலே நன்று” என்பர்.

மற்றொருசாரார், “கருப்பண்ணர் சிவனேயாவர்; ஆதலின் அவர்க்குப் புதுப்பெயரிட்டு, மரத்தடியை நீக்கி விமானம் எடுத்து, பெருங்கோயிற் பூசையெல்லாம் ஆங்கே நிகழ்த்துதல் வேண்டும்” என்பர்.

மூன்றாஞ்சாரார் பிறநாடு கண்டு மீண்டோர். இவர், “ஜப்பான் நாட்டைக் காண்மின், கல்வியிலும் தொழிலிலும் தலைசிறந்த அந்நாட்டார் இன்றும் ஊர்தோறும் தத்தம் ஊர்த்தெய்வத்தை வணங்குகின்றனர், அவர்க்குப் பதி, பசு, பாசம் என்னும் ஆராய்ச்சி இல்லை, எல்லாவற்றிற்கும் மேலானதொரு கடவுளும் வேண்டியதில்லை. நமக்கும் நாவலடியே போதும், கிடாய்வெட்டும் முன்னோர் வழக்கமேயாதலின் அதனைத் தடுத்தலும் தகாது” என்பர்.

இம்மூன்றும் பிழைபட்டனவே. இவர்தங் கூற்றுக்களைத் தகர்த்தற்குரிய சான்று, மூன்றாஞ்சாரார் துணையாகக் கொண்ட ஜப்பான் நாட்டிலேயே நிரம்பக் கிடைத்தலின், முதற்கண் அந்நாட்டு வழிபாடு இத்தன்மைத்து என்பது காட்டப்படும்.

ஷிந்தோ கோயில்

ஜப்பானியரின் பழைய நெறிக்கு ஷிந்தோ என்பது பெயர். தெய்வங்களின் வழி என்பது அதன் பொருள். தெய்வத்தை அவர் ‘காமி’ என்பர். தமிழில் அவ்வொலிக்குள்ள பொருளை ஈண்டு ஏற்றற்க. கோயிலை நாடிச் செல்வார் முதற்கண் காண்பது, இருகால் நட்டு அவற்றின்மேல் விட்டமிட்ட கதவில்லாத் தோரணவாயில். அதனைக் கடந்தால் நீர்த்தொட்டி இருக்கும். அகப்பையால் நீர்முகந்து இடக்கையும் வலக்கையும் கழுவி, வாயையும் கொப்புளித்த பின்னரே தெய்வத்தை அணுகுவர். காசு இட்டு, இருமுறை தாழ்ந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை தாழ்தல் பெரும்பான்மை வழக்கு.

கோயிலைச் சூழ்ந்து சோலை உண்டு. அச்சோலையிலுள்ள முதுமரத்தின் அடியில் வைக்கோலாற் றிரித்த புரியைச் சுற்றி, வெள்ளைத் தாள்களைத் தொங்கவிட்டிருப்பர். அது தெய்வம் உறையும் மரம் என்பது குறிப்பு. உள்ளே கண்ணாடியோ வாளோ கல்லோ தெய்வத்தின் இருப்பிடமாக வைக்கப்பட்டிருக்கும்; வணங்குவார் அதனைக் காணுதல் இல்லை. நாரா என்னும் பகுதியிலுள்ள மிவா மலைக்கோயிலில் மலையே தெய்வத்தின் உடலாதலின் கருவறைக் கட்டடமும் இல்லை. குழந்தை பிறந்து ஏறத்தாழ முப்பதாம் நாளிற் பிறந்தவூர்த் தெய்வத்தின் முன் கொணர்ந்து காட்டுவர். வேண்டுதலைச் சிறு மரப்பலகையில் எழுதிக் கோயிலிற் றொங்கவிடுவர். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையுற்றார் பிராது எழுதிக் கட்டுதலை அறிந்தார்க்கு இது புதிதாகத் தோன்றாது.

மரமும், கல்லும், எல்லைக்காவலும், குடிப்பிறப்போடு பட்ட தொடர்பும், எழுதியிடும் விண்ணப்பமும் இருநாட்டார்க்கும் ஒத்திருத்தல் உண்மையே. அதனை மறுப்பார் இல்லை. ஒத்திருத்தலால் யாது பெறப்படும் என்பதே வினா.

மூன்றாஞ்சாரார் கூற்றின் மறுப்பு

காமி என்பது யாது என்று அந்நாட்டுப் பேரறிஞர் மொதோஓரி நோரினாக (1730–1801) ஆராய்ந்துரைத்துள்ளார். விண்ணிலும் மண்ணிலும் உள்ள தெய்வங்களேயன்றி, மக்களும், பறவையும் விலங்கும், மரமும் செடியும், கடலும் மலையும் ஆகிய இவற்றுள் இயல்பிறந்த ஆற்றலால் அச்சமும் வியப்பும் விளைப்பன யாவும் காமியே என்பதும், அவற்றுள் நல்லனவும் தீயனவும் உண்டு என்பதும் அவர்தங் கருத்து. இதனை ஓர்ந்துணர்தல் வேண்டும். நன்றும் தீதுமாய்ப் பலவாய்த் தோன்றி, ஓரோவிடத்து ஓரோராற்றல் மட்டும் உடையதனைப் பதி என்று உலகிற் சான்றோர் எவரும் கூறார். சித்தாந்தம் அதனைப் பசு என்னும். ஆற்றல் மிக்க பசு என்னும். ஜப்பானியரும் காமியை உலகெலாம் ஈன்ற ஒருமுதலாகக் கருதினாரல்லர். அவர் சொல்லாததனை அவர்மேல் ஏற்றி, அதனைச் சைவத்திற்கு மாறாகக் காட்டுதல் முறையாகாது.

இதற்கொரு சான்று: சுகவரா நோ மிச்சிசானே (845–903) என்பார் பெரும்புலமை வாய்ந்த அமைச்சர், பொய்ப்பழி சுமத்தப்பட்டு 901 இல் தலைநகரின் நீங்கித் தொலைநாட்டில் உயிர்நீத்தார். பின்னர்த் தலைநகரில் இடியும் சாவும் நேர, அவை அவருடைய சினத்தின் விளைவென்று அஞ்சி, 947 இல் கியோத்தோவின்கண் கோயிலெடுத்து அவரைத் தெய்வமாக்கினர். இன்று கல்வித் தெய்வமாகிய அவரிடம் மாணாக்கர் தேர்வில் வெற்றிவேண்டிப் பலகை எழுதித் தொங்கவிடுகின்றனர். கொலையுண்டு பட்டாரும் போரில் வீழ்ந்தாரும் தெய்வமாக வணங்கப்படுதல் தமிழ்நாட்டிலும் தொன்றுதொட்டு உள்ளது. நடுகல் அதற்குச் சான்று. பிறந்து, பழிபட்டு, இறந்து, பின்னர் வணங்கப்படுவதோருயிர் தன் பிறவியைத் தானே நீக்கிக்கொள்ள மாட்டாதாயின், பிறர் பிறவியை நீக்குவது யாங்ஙனம்?

தேர்விற்கும் பிணிக்கும் களவுபோன பொருட்கும் விண்ணப்பம் எழுதலாம். மலநீக்கத்திற்கு எழுதும் பலகை ஒன்று அந்நாட்டிலும் இல்லை. ஊர்த்தெய்வமே போதும் என்பார், பிறவியறுத்தல் என்னும் பெரும்பயனை வேண்டாவென்று கைவிடுவாரேயாவர். ஜப்பானியரும் அதனைக் கைவிட்டிலர். இறந்தார்பொருட்டும் வீடுபேற்றின்பொருட்டும் பலர் புத்தநெறியைச் சார்ந்தனர். ஊர்க்காவலுக்கு ஒருநெறியும் உயிர்க்கடைத்தேற்றத்திற்கு ஒருநெறியும் என இரண்டு வேண்டியமையே, முதலது ஒன்றே அமையாமையைக் காட்டும்.

முழுமுதற்பொருளை உணர்த்தும் நூல்நெறி துணையில்லாவிடத்துச் சிவபிரான் திருவுருவமும் என்னாகும் என்பதற்கும் அந்நாடே எடுத்துக்காட்டு. மகாகாளர் புத்தநெறியினர் வாயிலாகச் சீனத்தைக் கடந்து ஜப்பானிற் புகுந்தார். தைகொகு எனப் பெயர்பெற்றார். ஓகுனினுஷி என்னும் அந்நாட்டுக் காமியோடு பெயரொலி ஒப்புமையால் ஒன்றாக்கப்பட்டார். ஈற்றில், நெல்மூட்டைமேல் நின்று, சிறுசுத்தியல் ஏந்திச் சிரித்துச் செல்வம் வழங்குந் தெய்வமாயினார். ஊழிக்காலத்து அனைத்தையும் ஒடுக்குபவர் நெற்கூடத்துக் காவலராய் அமைந்தார்! இஃது அந்நாட்டார் குற்றமன்று. திருவுருவம் சென்ற வழியே சித்தாந்தம் செல்லாமையால் நேர்ந்தது. நமக்கும் நாவலடியே போதும் என்பார், இக்கேட்டினைத் தாமே தேடிக்கொள்வார் ஆகின்றனர்.

முதற்சாரார் கூற்றின் மறுப்பு

இனி, காவற்றெய்வக் கோயில்கள் ஒழிதல் நன்று என்பாரை நோக்குவாம். இவர், யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரை (1822–1879) மேற்கோளாகக் காட்டுவர். நாவலர் உயிர்ப்பலியைக் கடிந்ததும், சிறுதெய்வங்களை முழுமுதலாகக் கொள்வாரைக் கண்டித்ததும் உண்மையே. இரண்டும் சைவர் பொன்னேபோற் போற்றத்தக்கன. கொலையை விலக்குதல் வேறு. காவலை அழித்தல் வேறு. கடவுளல்லாததனைக் கடவுளென்னாமை வேறு. அதனை இகழ்தல் வேறு.

சிவாலயத்துள்ளேயே வாயிற்காவலர், திசைக்காவலர், க்ஷேத்திரபாலர், வைரவர் ஆகியோர்க்கு இடமும் பூசையும் வகுக்கப்பட்டிருத்தலை இவர் காணாரோ? திருவண்ணாமலைக் கார்த்திகைப் பெருவிழாவிற்குக் கொடியேறுமுன், துர்க்கையம்மன், பிடாரியம்மன், விநாயகர் ஆகியோர்க்கு மூன்று நாள் விழா நிகழ்கின்றது. எல்லைக்காவல் செய்யும் தெய்வத்தை முன்னர்ச் சிறப்பித்தே அண்ணாமலையார் திருவிழா தொடங்குமாயின், மோகனூர்ச் சைவர் எல்லைத்தெய்வத்தை மதித்தல் எங்ஙனம் சிவநிந்தையாகும்? நாவல்மரமும் சைவத்திற்குப் புறம்பானதன்று. அதே காவிரியின் கீழ்ப்பால் திருவானைக்காவிற் சிவபெருமான் எழுந்தருளியது வெண்ணாவலின் கீழன்றோ?

அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரிற் கூறிய முடிபும் ஈண்டு நினைக்கற்பாலது. ஒருவர் எத்தெய்வத்தை வழிபட்டாலும் அத்தெய்வத்தை இடமாகக் கொண்டு வந்து பயனளிப்பவன் அம்மையொரு பாகனே என்றும், ஏனைத் தெய்வங்கள் பிறப்பிறப்பும் துன்பமும் வினையும் உடையவாதலின் தாமே அறிந்து பயனளித்தல் இயலாது என்றும், எல்லாத் தெய்வமும் இறைவன் ஆணைவழி நிற்பனவே என்றும் அவர் விளக்கினார். அங்ஙனம் பயனளிப்பவன் அவனேயாதலின் அவனடிக்கே நேராக அன்பு செய்தல் தலையாயது என்றும் முடித்தார். இம்முடிபில், நேரே சிவனை வழிபடுக என்னும் அறிவுரை உண்டு. ஏனையார் கோயில்களை இடிக்க என்னும் ஆணை யாண்டும் இல்லை.

இடித்தால் நிகழ்வது யாது? ஜப்பானிய அரசாங்கம் அதனையும் செய்து பார்த்தது. 1906 ஆம் ஆண்டு, ஊர்தோறும் சிறுகோயில்கள் பலவாயிருத்தல் செலவும் சீர்கேடும் தருமென்று கருதி, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும்படி ஆணை பிறந்தது. அக்காலத்து ஏறத்தாழ 1,90,000 ஆக இருந்த கோயில்களுள் 1914 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 70,000 மறைந்தன. கோயில் மறைந்தவிடத்துச் சோலையும் வெட்டி விற்கப்பட்டது. முதியோரும் பெண்டிரும் நெடுந்தொலைவு நடந்து அயலூர்க் கோயிலுக்குச் செல்ல வேண்டியவராய் வழிபாட்டையே விட்டனர். வக்கயாமாப் பகுதியில் வாழ்ந்த மினகத்தா குமகுசு (1867–1941) என்னும் இயற்கைநூற் பேரறிஞர் இதனை வன்மையாக எதிர்த்தெழுதினார். 1910 இற் சிறையும் புகுந்தார். ஊர்த்தெய்வம் நீங்கின் ஊரொற்றுமையும், அடக்கமும், பிறந்தமண்மேற் பற்றும் உடன் நீங்கும் என்பதும், சோலை அழியின் அதனை நம்பிய உயிரினங்களும் அழியும் என்பதும் அவர் காட்டிய ஏதுக்கள். 1920 இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. வெட்டுண்ட மரங்களோ மீளவில்லை.

சிறுகோயில் ஒழியின் மக்கள் பெருங்கோயிலை நாடுவர் என்பது ஏட்டுக்கணக்கு. ஒழிந்தவிடத்து மக்கள் நாடியது வெறுமையையே. நாவலடியின்கண் கைகூப்பக் கற்ற குழந்தையை அசலதீபேசுவரர் சந்நிதிக்கு அழைத்துச் செல்லுதல் எளிது. கைகூப்புதலையே அறியாத குழந்தையை அழைத்துச் செல்லுதல் அரிது.

இரண்டாஞ்சாரார் கூற்றின் மறுப்பு

காவலரை அரசராக்குவார் செய்யும் பிழையும் சிறிதன்று. இறைவன் கருப்பண்ணரை இடமாகக் கொண்டு பயனளிப்பான் என்பதனாற் கருப்பண்ணரே இறைவன் என்றல், ஊர்மணியத்திடம் செலுத்திய வரி அரசனைச் சென்று சேர்தலின் ஊர்மணியமே அரசன் என்பதனை ஒக்கும். இடமும் இடத்தை உடையானும் ஒன்றெனின், சித்தாந்தத்தில் பதிக்கும் பசுவிற்கும் உள்ள வேற்றுமை ஒழிந்து, சைவநூல்கள் யாவும் பயனற்றுப்போம்.

இவர் கருத்தின்படி செய்யுமிடத்து இருபாலும் கேடு விளையும். நாவலடியான் என்னும் பெயர் நீங்கிப் பொதுப்பெயரொன்று வரும். வரவே, ‘எம் பாட்டன் வணங்கிய தெய்வம்’ என்னும் குடியுரிமை உணர்ச்சி அற்றுப்போம். வழிவழியாகப் பூசித்த பூசாரி வாயிற்புறத்து நிறுத்தப்படுவான். மரத்தை நீக்கியபின் ‘நாவலடி’ என்னும் பெயர்க்குப் பொருளே இல்லையாம். மற்றொருபால், விமானமும் பெரும்பூசையும் காவற்றெய்வத்தினிடத்தே நிகழக் காணும் மக்கள், அசலதீபேசுவரர் வேறு வேண்டாவென்று எண்ணுவர். சிவனைப் பெருக்குதற்கு எழுந்த முயற்சி சிவாலயத்தை வெறிதாக்குதலில் முடியும்.

காவற்றெய்வங்களை அவற்றிற்குரிய இடத்தினின்றும் எடுத்து அரியணையேற்றியமையால் வந்த தீங்கினையும் ஜப்பான் வரலாறு காட்டும். 1868 ஆம் ஆண்டு அரசு மாறியபோது, நெடுங்காலம் ஒருங்கிருந்த காமிகளையும் புத்தரையும் பிரிக்க ஆணை பிறந்தது. புத்தப்படிமங்கள் பல உடைத்தெறியப்பட்டன. 1871 இல் ஷிந்தோ கோயில்கள் அரசின் வினைநிலையங்கள் என அறிவிக்கப்பட்டன. ஊர்க்காவலுக்கு அமைந்த வழிபாடு பேரரசின் கருவியாயிற்று. கொரியாநாட்டு மாணாக்கரும் ஆசிரியரும் விருப்பமின்றியே ஷிந்தோ கோயிலிற் றலைவணங்கும்படி 1930 ஆம் ஆண்டுகளில் வற்புறுத்தப்பட்டனர். தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும், 1942 இல் அந்நகரைக் கைப்பற்றிய படையினர், சிறைப்பட்ட வீரர்களின் உழைப்பாற் காட்டினிடையே ஒரு ஷிந்தோ கோயில் எழுப்பினர்; 1945 இல் தோல்வி நேர்ந்துழித் தாமே அதனை அழித்தனர். அவ்வாண்டு திசம்பர்த் திங்களில் அரசுஷிந்தோ ஆணையால் நீக்கப்பட்டது. அரியணையேறிய ஷிந்தோ எண்பதாண்டிற்குள் வீழ்ந்தது; மரத்தடியில் நின்ற ஊர்க்காமி இன்றும் உள்ளது. தனக்குரிய இடத்தில் நிற்றலே தெய்வத்திற்கும் காவல் என்பது இதனால் விளங்கும்.

உயிர்ப்பலி

எஞ்சியது கிடாய்வெட்டு. முன்னோர் வழக்கம் என்பதொன்றே இதற்குக் கூறப்படும் ஏது. சிலர் பெரியபுராணத்தையும் துணைக்கழைத்து, “கண்ணப்பர் ஊன் படைத்தாரன்றோ” என்பர். கண்ணப்பர் வேட்டுவக்குலத்துத் தோன்றித் தமக்கு இனிதென அறிந்ததனைத் தம் தலைவற்கு ஊட்டினார். யாதொரு பயனையும் வேண்டி நேர்ந்துகொண்டாரல்லர். இறைவன் வியந்தது ஊனையன்று, அன்பை. அவ்வன்பின் முதிர்ச்சி வெளிப்பட்ட நாளில் அவர் பிறிதோருயிரைத் தேடிச் சென்றாரோ? தம் கண்ணையே இடந்து அப்பினார். தனக்கு வந்த நோய் நீங்கப் பிறிதோருயிரின் தலையைக் கொடுப்பவன் கண்ணப்பரைச் சான்றாகக் காட்டுதல் நாணத்தக்கது. அவரைப் பின்பற்ற விழைவார் முதற்கண் தம் கண்ணைத் தொட்டுப் பார்ப்பாராக.

இன்னுஞ் சிலர், பலி என்னுஞ் சொல்லே கொலையைக் குறிக்கும் என்பர். தேவாரத் திருமுறைகளிற் பலியென்பது பிச்சையாகிய உணவைக் குறித்துப் பயின்று வருதலையும், ஆகமவழியிற் பலிபீடத்தில் இடப்படுவது அன்னமேயாதலையும் அறியாதார் கூற்று அது.

பழமையே அளவை எனின், திருமுருகாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். பதினோராந் திருமுறையுள் வைத்துப் போற்றப்படும் அத்தொன்னூலிற் குறமகள் முருகற்கு நிகழ்த்தும் வெறியாட்டில் ஆட்டின் குருதி அளாவிய அரிசி பலியாக இடப்படுதல் கூறப்பட்டுள்ளது. அதே முருகன் மோகனூர்க் காந்தமலைமேல் நிற்கின்றான். ஆங்கே குருதி தூவுவார் உளரோ? பாலும் தேனும் பழமுமன்றோ அவற்குப் படைக்கப்படுகின்றன! குருதி நின்றமையால் முருகன் ஆற்றல் குன்றிற்றென்றோ, அன்பர் கூட்டம் அருகிற்றென்றோ எவரும் சொல்லார். மலைமேல் மகன் கோயிலில் நிகழ்ந்த மாற்றம் நாவலடியில் ஏன் நிகழலாகாது?

ஜப்பானியர் வழக்கமும் இதற்குத் துணையாம். வேண்டுதல் எழுதும் பலகையை அவர் ‘எமா’ என்பர். ஓவியக்குதிரை என்பது அதன் பொருள். முற்காலத்து மழையும் வெயிலும் வேண்டி உயிருள்ள குதிரையைக் கோயிற்குக் கொடுத்தனர். அஃது இயலாதார் மண்ணாலும் மரத்தாலும் குதிரை செய்து வைத்தனர். பின்னர்க் குதிரை தீட்டிய பலகையே அமைவதாயிற்று. தமிழ்நாட்டு ஐயனார் கோயில்தோறும் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைக் கண்டார்க்கு இம்முறை விளங்கும். சுவா என்னும் ஊர்க் கோயிலில் வேனில் விழாவிற்கு 75 மான்றலைகள் படைத்தல் பண்டை வழக்கம்; இன்று அதன்பொருட்டு மான்களைக் கொல்லாது, பதஞ்செய்து வைத்துள்ள தலைகளையே முன்வைக்கின்றனர். மீனும் மதுவும் படைத்தல் அவர்பால் இன்றும் உண்டு. அது சைவர்க்கு உடன்பாடன்று. எனினும், உயிர்க்குதிரை மரக்குதிரையாய், மரக்குதிரை ஓவியமாயினும் வேண்டுவார் பத்தியும் வழிபாடும் குறையாமை கண்கூடு. முன்னோர் வழக்கத்தை விடாமலே கொலையை விடலாம் என்பதற்கு இதனின் மிக்க சான்று யாது வேண்டும்? ஜப்பானைக் காண்மின் என்றவர் இதனையும் கண்டிருத்தல் வேண்டும்.

இம்மாற்றம் ஆணையால் வருவதன்று. கோயில்களில் விலங்கும் பறவையும் பலியிடுதலைத் தடுத்து 1950 இற் சட்டம் இயற்றப்பட்டது. நெடுங்காலம் அஃது ஏட்டளவில் இருந்தது. 2003 ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு அதனைக் கடுமையாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது ஊர்தோறும் மனக்கசப்பு எழுந்தது. 2004 இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. சட்டம் நீங்கிற்று, அறம் நீங்கவில்லை. கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தோதியது காவலர்க்கு அஞ்சி ஒழுகுதற்கன்று. அருளுடையார் உள்ளத்திற் பதிதற்கேயாம். அரசாணை சாதியாததனைக் குடும்பத்துள் ஒரு முதியவர் அன்போடு கூறும் ஒருசொல் சாதிக்கும். அம்முதியவர் விழாவிற்கே வரமாட்டேனென்று வீட்டில் இருந்துவிடின், அச்சொல்லைக் கூறுவார் யார்?

சைவர் கடப்பாடு

ஆகவே, முற்கூறிய பாட்டனார்க்கு விடை இதுவாகும். அவர் தம் பேரனை எடுத்துக்கொண்டு முதற்கண் அசலதீபேசுவரர் சந்நிதிக்குச் செல்க. திருநீறணிந்து ஐந்தெழுத்தோதி, குழந்தையை அம்மையப்பர் திருமுன் கிடத்தி, பிறவியறுக்கும் பெருமான் இவனே என்று உள்ளத்தமைத்துக்கொள்க. பின்னர்ச் சுற்றத்தோடு நாவலடிக்குச் செல்க. சிவன் ஆணைவழி நின்று இவ்வெல்லையைக் காப்பவர் என்னும் நினைவோடு ஆங்கே கைகூப்புக. பொங்கலும் பழமும் படைக்க. மண்குதிரை செய்து வைக்க. கிடாய் கொணர்ந்தார் உளராயின் இகழாது, அதனை விடுத்து அதன் விலைக்கு ஏழையர்க்கு அன்னமிடுமாறு இரந்து கேட்க. கேளாராயின் தாம் அவ்வுணவை ஏலாது, உறவையும் முறியாது, அடுத்த ஆண்டும் வந்து கேட்க. நாவல்மரத்திற்கு நீரூற்றுக. பூசாரியை மதிக்க. கருப்பண்ணரிடம் வீடுபேறு வேண்டற்க; அஃது அவரிடம் இல்லை. அவரை இகழவும் வேண்டா. அவர்க்கு அவ்விடத்தை அளித்தவன் சிவனே.

வாயிலிற் காவலன் நிற்பது உள்ளே தலைவன் இருத்தலாலேயாம். காவலனைத் துரத்தினவன் வீட்டைக் காப்பின்றி விட்டான். காவலனையே தலைவனென்று அவனோடு நின்றுவிட்டவன் வாயிலைக் கடந்தானல்லன். நாவலடியில் நின்று வணங்கியவன் அவ்விடத்தே நின்றுவிடாது, மேலும் நடந்து அசைவற்ற விளக்கின்முன் சென்று சேர்க. அவனை அங்ஙனம் கைப்பிடித்து அழைத்துச் செல்லுதலே கற்ற சைவர்க்குக் கடன்.

சிவம்